பதிவறையை யார் கையில் கொடுக்கிறீர்கள்? நெல்லைச் சீமையின் மூன்று ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம்.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் மூன்று அலுவலகத்திலும் மூன்று ந.க. எண் (கோப்பு எண்) விழும். அப்புறம் "இப்பொருள் தங்கள் மாவட்டத்தைச் சார்ந்தது" என்று ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, கடைசியில் மூ.மு., அதாவது மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்ற குறிப்பைப் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரிக் கடிதங்களை நானே எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன். வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பல இருக்கைகள் மாறி, பணிக்காலத்தின் பின்பாதியைப் பெரும்பாலும் பழைய கோப்புகளும் பதிவேடுகளும் இருக்கிற பதிவறையில் (ரெக்கார்டு ரூம்) கழித்து ஓய்வு பெற்றவள் நான். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். பதிவறைக்கு அந்த வேலை தெரிந்த ஆளை, நிலையாக, அதிகாரத்தோடு போடுங்கள்.

இதைக் கேட்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணியைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன். பெயர் மார்கரெட் கிராஸ் நார்ட்டன். என் தங்கை மகள் நூலக அறிவியல் படித்தபோது, "பெரியம்மா, நீங்க எப்பவும் புலம்புறதை இவங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிட்டாங்க" என்று சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்து முடித்தபோது, இந்த அம்மாளை நம் மாவட்டங்களின் ரெக்கார்டு ரூம்களுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் போல இருந்தது. அவர் 1984-லேயே காலமாகிவிட்டார்.

நார்ட்டன் 1891-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தார், ஆல்பனியில் நூலகப் பயிற்சி பெற்றார், சில நூலகங்களில் வேலை பார்த்தார். 1922-ல் இல்லினாய் மாநில நூலகத்தின் கீழ் ஆவணங்களுக்கென்று புதிதாக ஏற்பட்ட பிரிவுக்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டு கிடைத்தே அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. நம் சென்னை மாகாணத்தில் ஒரு வருஷம். அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகமே 1934-ல்தான் வந்தது. ஆக, பார்த்து எழுதுவதற்கு முன்மாதிரி அதிகம் இல்லாத ஒரு வேலையில் போய் உட்கார்ந்தார். 1957-ல் ஓய்வு பெறும் வரை, 35 வருஷம், அதே பொறுப்பு. இடையில் 1936-ல் அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம் உருவானபோது அதை உருவாக்கியவர்களில் ஒருவராக இருந்தார். 1943 முதல் 1945 வரை அதன் தலைவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். அதற்கடுத்து சங்கத்தின் இதழுக்கும் சில வருஷம் ஆசிரியராக இருந்தார்.

பதவிகளைச் சொல்லி உங்களை அசத்துவது என் நோக்கம் இல்லை. அவர் பிடிவாதமாகச் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் அவரை இழுத்து வந்தேன். அந்தக் காலத்தில் ஆவணக் காப்பகம் என்றால் வரலாற்று ஆசிரியர்களின் சரக்கு அறை என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வேலை பார்த்த இல்லினாய் தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்டு, ஆபிரகாம் லிங்கனின் ஊர் வேறு. லிங்கன் கையெழுத்து உள்ள காகிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே பேரோடும் புகழோடும் காலத்தை ஓட்டியிருக்கலாம். நார்ட்டன் வேறு பக்கம் நின்றார். அரசாங்கத்தின் பழைய காகிதம் முதலில் அரசாங்கத்துக்கு வேண்டும், அதைவிட, அந்த அரசாங்கத்தோடு வழக்கு உள்ள சாதாரண மனிதனுக்கு வேண்டும்; அவனுடைய நிலமும் உரிமையும் அதில்தான் இருக்கிறது; வரலாற்றுக்காரர்கள் அப்புறம் வரட்டும் என்றார். அதனால் ஆவணக் காப்பாளர் அரசு நிர்வாகத்தின் ஒரு அங்கமாக இருக்க வேண்டும், கோப்பு பிறக்கும்போதே அதன் முடிவு என்ன என்பதில் அவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

இது நம் ஊருக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் உங்கள் மேஜைக்கு வருகிற மனுக்களில் யுடிஆர் தவறு என்று எத்தனை வருகிறது, பாருங்கள். 1979-லிருந்து 1987 வரை நடந்த அந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயரில் ஏறியது, பரப்பு குறைந்தது, பாதை காணாமல் போனது என்று இன்று வரை ஓயவில்லை. யுடிஆர் தவறு என்று நிரூபிக்க யுடிஆருக்கு முந்தைய காகிதம் வேண்டும். நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் ரிஜிஸ்டர், கிராம நிலங்களை வரிசையாக எழுதிய பழைய 'அ' பதிவேடு, ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு போட்ட எஸ்.எல்.ஆர். என்ற நிலப் பதிவேடு, இனாம் (மானிய) நிலமென்றால் 1860-களின் இனாம் பதிவேடு. இதெல்லாம் இருக்கிற இடம் பதிவறை. மனுதாரரின் வாழ்க்கை அங்கே மேல் தட்டிலோ கீழ் தட்டிலோ ஒரு சிவப்புத் துணிக் கட்டுக்குள் இருக்கிறது.

ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். முன்பு எட்டயபுரம் ஜமீனில் இருந்த கிராமம். மானாவாரிக் கரிசல். யுடிஆரில் தகப்பனார் பெயர் விட்டுப்போய்ப் பங்காளி பெயர் ஏறியிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு அலுவலகத்தில், "பழைய கட்டெல்லாம் திருநெல்வேலியில் இருக்கு" என்று அனுப்பியிருக்கிறார்கள். திருநெல்வேலியில் ஒரு அலுவலகத்தில், "பிரிச்சப்பவே எல்லாம் அங்க அனுப்பியாச்சு" என்றிருக்கிறார்கள். இன்னொருவர் எழும்பூருக்குப் போகச் சொல்லியிருக்கிறார். நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கினால் ஆவணக் காப்பகம் நடக்கிற தூரம்தான், சரி. ஆனால் சர்வே எண் மாறியிருக்கிறது, பழைய எண் தெரியாமல் அங்கே போய் என்ன கேட்பார்? "எம்மா, நான் எங்கதான் போறது, அதையாவது ஒரு சீட்டுல எழுதிக் குடு" என்று கேட்டார். கேட்டது நியாயம்தானே. அவர் கேட்ட அந்தச் சீட்டுதான் மூன்று மாவட்டத்துக்கும் இன்று தேவை. எந்தக் கிராமத்தின் எந்தப் பதிவேடு எந்தக் கட்டடத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்ற ஒரு பொதுப் பட்டியல்.

அவருடைய எஸ்.எல்.ஆர். கிடைத்தது. நான் இருந்த அறையிலேயே கிடைத்தது. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. சும்மா இருந்த நேரங்களில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, கிராம வாரியாக ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது அலுவலகப் பதிவேடு கிடையாது, யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. ஓய்வு பெறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அதையும் சேர்க்கப் பார்த்தேன். "அதெல்லாம் பட்டியல்ல வராதுங்க மேடம்" என்றார்கள். அடுத்து வந்த பிள்ளையிடம் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளையும் சீக்கிரமே மாறுதலில் போய்விட்டது.

மாவட்டம் பிரிவதைப் பற்றி ஒரு வார்த்தை. 1790-ல் கும்பெனியார் காலத்தில் உருவான பழைய திருநெல்வேலி மாவட்டம் எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனது. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து செங்கோட்டை நம்மோடு வந்து சேர்ந்தது. 1986-ல் தூத்துக்குடி தனியாகப் போனது. 2019 நவம்பரில் தென்காசி. ஒவ்வொரு தடவையும் விழா நடந்தது, புது ஆட்சியர் அலுவலகம் வந்தது, வண்டியில் கட்டுகள் ஏறி இறங்கின. எந்த வண்டியில் எது போனது என்பதற்கு முழுப் பட்டியல் வைத்திருக்கிற ஆள் யார்? செங்கோட்டைக்காரர் ஒருவர் 1956-க்கு முந்தைய நிலக் கதையைத் தேடினால் திருவனந்தபுரம் வரை போக வேண்டியிருக்கும், அதைச் சொல்வதற்காவது தென்காசியில் ஒருவர் இருக்க வேண்டாமா? இல்லினாயிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. 1818-ல் மாநிலமானபோது காஸ்காஸ்கியாவில் தலைநகரம், அப்புறம் வான்டேலியா, அப்புறம் ஸ்பிரிங்ஃபீல்டு. அரசாங்கம் ஊர் ஊராக மாறிய மாநிலத்தின் காகிதங்களைத்தான் நார்ட்டன் கையில் எடுத்தார்.

இப்போது ரெக்கார்டு ரூமுக்கு யாரைப் போடுகிறோம் என்று பார்ப்போம். எங்கள் காலத்தில் அங்கே மாறுதல் வந்தால் துக்கம் விசாரிக்க வருவார்கள். அதிகாரியோடு மல்லுக்கு நின்றவர், ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிறவர், கைக்குழந்தை உள்ள பெண்கள். இந்த மூன்று வகைதான். "பொம்பளைப் பிள்ளை, பீல்டு வேலை வேண்டாம், ரெக்கார்டு ரூம் சேஃப்பான இடம்" என்பார்கள். சேஃப் என்று சொன்னவர்களில் யாரும் சேலை கட்டிக்கொண்டு மர ஏணியில் ஏறி மேல் தட்டுக் கட்டை இறக்கிப் பார்த்தவர்கள் இல்லை. தூசியில் எனக்கு வந்த மூச்சிரைப்பு இன்னும் போகவில்லை. பாம்பு, பல்லி, எலி கதையெல்லாம் தனி.

பெண்களுக்கு மென்மையான வேலை என்று ஒதுக்கித் தருவது பழைய வழக்கம். நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி அன்னா ராஜம், 1951-ல் நம் மாநிலத்துக்கு வந்தவர், அவருக்கே தேர்வுக் குழு "வெளியுறவுப் பணி போன்றது பெண்களுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்ற மாதிரி ஆலோசனை சொன்னது. நிர்வாகப் பணிதான் வேண்டும் என்று வாதாடி வாங்கி, ஓசூரில் சப்-கலெக்டராகப் போனார். கல்யாணம் செய்துகொண்டால் வேலை போகும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே போட்டிருந்தார்கள் என்பதையும் இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது. நார்ட்டன் கதை கொஞ்சம் வேறு மாதிரி. நூலகம் பெண்கள் வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். வந்தபின் அந்த ஒதுக்குப்புற அறையை நிர்வாகத்தின் நடுக்கூடத்துக்கு இழுத்து வந்தார். என் மனதில் அவர் உயரமாக நிற்பது இந்த இடத்தில்தான்.

கோப்பு முடிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கோப்பு முடிந்ததும் அதன் ஆயுளை நிர்ணயிக்கிறார்கள். ஓ.மு. என்றால் ஒரு வருஷம், மூ.மு. மூன்று வருஷம், ப.மு. பத்து வருஷம், நி.மு. நிரந்தரம். இந்த இரண்டெழுத்தைப் போடுகிறவர் யார்? பெரும்பாலும் இருக்கையில் இருக்கிற உதவியாளர். மாதக் கடைசி, நிலுவைப் பட்டியல் கொடுக்க வேண்டும், நிலுவை குறைந்தால்தான் திட்டு விழாது. அந்த அவசரத்தில் போடுகிற எழுத்து. அந்தக் காகிதம் பின்னாளில் யாருக்கு வேண்டும் என்று யோசிக்க அவருக்கு நேரமும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. அலுவலக நடைமுறை நூல் சொல்கிறது என்பீர்கள். நூல் சொல்வது உண்மைதான். அதைக் கோப்பில் பொருத்திப் பார்க்கிற கண் வேண்டுமே.

ஒரு உதாரணம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தன் மலையில் சுமார் 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவான கதை. நடுவில் வெள்ளைக்காரன் போனான், ஜமீன் போனது, மாநிலத்தின் பெயர் மாறியது, காடு காப்புக்காடானது. அந்தக் குத்தகை 2028-ல் முடிகிறது. நாலு தலைமுறை வாழ்ந்த தொழிலாளிகள் மலையை விட்டு இறங்குவதா வேண்டாமா என்று நீதிமன்றம் வரை போனார்கள். இவ்வளவும் ஒரு பழைய பத்திரத்தைச் சுற்றி நடந்தது. அது பெரிய விவகாரம், அதனால் காகிதம் எப்படியும் தப்பிவிடும். ஆனால் அம்பாசமுத்திரத்தில் ஒரு வாய்க்கால் மடைக்கு முறை யாருக்கு என்று கார் நெல் சாகுபடி நேரத்தில் எழுந்த தகராறைத் தீர்த்து வைத்த கோப்பு? ஒரு தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை விட்ட கோப்பு? அதற்கு ப.மு. போட்டிருந்தால் பத்து வருஷத்தில் கழிவுக் காகிதம். பதினோராவது வருஷம் மறுபடியும் தகராறு வரும், "முன்னாடி கலெக்டரே உத்தரவு போட்டாரு" என்று ஒருவர் சொல்வார், "அப்படி எதுவும் இல்லை" என்று நாம் பதில் எழுதுவோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த 2005-க்குப் பிறகு இந்தப் பதில் இன்னும் சங்கடமாகிவிட்டது. ஆவணங்களைப் பட்டியலிட்டு அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவிலேயே முதல் கடமையாக இருக்கிறது. "கோப்பு கிடைக்கவில்லை" என்பது, தகவல் தர மறுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிற விலக்குகளின் பட்டியலில் எங்கேயும் கிடையாது. 1993-ல் வந்த பொது ஆவணச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. ஒவ்வொரு அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும், 1892-க்கு முந்தைய காகிதத்தை அநேகமாக அழிக்கவே கூடாது, முறை தவறி அழித்தால் ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால் அது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். நம் வட்டாட்சியர் அலுவலகத்தை அது தொடாது. தொடாவிட்டால் என்ன, அதில் உள்ள நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதி வேண்டும்?

தண்ணீருக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் மூழ்கின. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது. உயிரைக் காப்பாற்றுகிற நேரத்தில் காகிதத்தைப் பற்றி யாரும் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் தண்ணீர் வடிந்த மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நனைந்த கட்டை வெயிலில் விரித்துக் காயப்போடுவதுதான் நம் ஊர் வழக்கம். அது தப்பு. தாள் முறுகும், மை பரவும், ஒட்டிய பக்கங்களைப் பிரித்தால் கிழியும். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். உலகம் முழுக்கச் செய்கிற வழி, நனைந்த கட்டை அப்படியே உறைய வைத்துவிடுவது. உறைந்தால் பூஞ்சணம் நிற்கும், அப்புறம் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்து நிழலில் காய வைக்கலாம். தூத்துக்குடியில் மீன், இறால் பதப்படுத்துகிற கம்பெனிகளின் குளிர்க் கிடங்குகள் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் ஒரு வாரம் ஒரு மூலையைத் தாருங்கள் என்று இப்போதே பேசி வைத்துக்கொண்டால் செலவு பெரிதாக ஆகாது. சொல்லப்போனால் சிரிப்பாகத்தான் இருக்கும், செட்டில்மென்ட் ரிஜிஸ்டர் இறாலோடு படுத்துக்கிடப்பது. ஆனால் வேலை நடக்கும்.

நார்ட்டனின் பயம் தீ. தீப்பிடிக்காத தனிக் கட்டடம் வேண்டும் என்று பொறுப்பேற்ற நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 1938-ல்தான் கிடைத்தது, 16 வருஷம் கழித்து. ஆவணங்களுக்கென்றே ஒரு அமெரிக்க மாநிலம் கட்டிய முதல் சில கட்டடங்களில் அது ஒன்று. பிற்காலத்தில் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். தீயின் கதை நமக்கும் தெரியும். 1908 மார்ச் 12-ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொந்தளித்து நகராட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பதிவறைக்காரியின் புத்தி போகாதே. நகராட்சியில் எரிந்த காகிதத்தில் யார் யாருடைய பிறப்பு, இறப்பு, வீட்டு வரி இருந்ததோ என்று ஒரு ஓரத்தில் நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் நார்ட்டனோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வரலாற்றுக்காரர்களை அவர் ரொம்பப் பின்னால் தள்ளிவிட்டார். அன்றைக்கு அவர்களுடைய ஆதிக்கத்தை உடைப்பதற்கு அது தேவைப்பட்டிருக்கலாம். நம் சீமையில் அப்படிப் பிரிக்க முடியாது. 1908 எழுச்சியைப் பற்றி இன்று நமக்குத் தெரிகிறதில் பெரும்பகுதி, நம்மை அடக்கியவர்கள் எழுதி வைத்த அறிக்கையிலும் வழக்குக் கட்டிலும் இருந்து வந்ததுதான். பட்டாவுக்கு வருகிற விவசாயியும் ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளையும் சில நேரம் ஒரே கட்டைத்தான் கேட்கிறார்கள். மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மாணவர்கள் அபிஷேகப்பட்டியிலிருந்து எழும்பூருக்கு ஓடுவதற்கு முன்னால், கொக்கிரகுளத்திலேயே என்ன இருக்கிறது என்று பார்க்க வழி இருக்க வேண்டும். 1796 முதல் 1835 வரையிலான திருநெல்வேலி மாவட்ட ஆவணங்களுக்கு 1934-லேயே ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். எழும்பூரில் சென்னை ஆவண அலுவலகம் செய்த வேலை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டுக்கு வழிகாட்டி இருக்கிறது, நம் காலத்துக் கட்டுக்கு என் நீள நோட்டுதான் இருந்தது என்றால் யாருக்கு வெட்கம்?

"எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணுகிறோம் அம்மா, இனிமேல் கட்டே தேவையில்லை" என்று ஒரு இளம் அதிகாரி என்னிடம் சொன்னார். நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஸ்கேன் வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஈ.சி. (வில்லங்கச் சான்று) வீட்டிலிருந்தே எடுக்க முடிகிறது, எவ்வளவு பெரிய நிம்மதி. ஆனால் பட்டியல் இல்லாத அறையை ஸ்கேன் செய்தால் பட்டியல் இல்லாத ஹார்டு டிஸ்க்தான் கிடைக்கும். கோப்புக்குப் பெயர் வைப்பவர் சர்வே எண்ணைத் தப்பாக அடித்தால் அது கடலில் போட்ட ஊசி. அதோடு, படம் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை ஏலத்தில் விடுவதற்கு எப்போதும் ஒரு அவசரம் வந்துவிடுகிறது. மைக்ரோஃபிலிம் வந்த காலத்திலேயே நார்ட்டன் மாதிரி ஆட்கள் உட்கார்ந்து யோசித்த கேள்வி இது. நீதிமன்றத்தில் கையெழுத்தின் மேல் சந்தேகம் வந்தால் மையையும் தாளையும் கேட்பார்கள், படத்தை இல்லை.

எனவே, பதிவறையின் பொறுப்பைத் துணை வட்டாட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரிடம் கொடுங்கள். அப்போதுதான் பிரிவுத் தலைவர்கள் காது கொடுப்பார்கள். ஒரு இளநிலை உதவியாளர் போய் "சார், இந்தக் கோப்புக்கு நி.மு. போடணும்" என்றால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள் ஆவணக் காப்பில் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும், பெண்ணோ ஆணோ, விரும்பிக் கேட்டு வருகிறவராக இருக்கட்டும். வருஷா வருஷம் மாற்றாதீர்கள். நார்ட்டனைப் போல 35 வருஷம் கேட்கவில்லை, அது நமக்குக் கட்டுப்படியாகாது, ஒரே ஆளின் ஞாபகத்தை நம்பி ஒரு அலுவலகம் இருப்பதும் நல்லதில்லை. ஆனால் அவர் தனக்குத் தெரிந்ததை ஓயாமல் எழுதி வைத்தார். அந்தக் கட்டுரைகள் 1975-ல் தொகுப்பாகவும் வந்தன. எழுதி வைக்கிற அளவுக்காவது ஒருவரை இருக்க விடுங்கள். கழிவுக் காகித ஏலத்துக்கு முன்னால் அவருடைய கையெழுத்து கட்டாயம் என்று ஒரு உத்தரவு போடுங்கள். தூசிக்கு முகக்கவசமும் ஒரு நல்ல இரும்பு ஏணியும் வாங்கிக் கொடுங்கள், இதற்கெல்லாம் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாவட்டத்துக்கும் பொதுப் பட்டியல் என்றேனே, அதற்கு ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் கோவில்பட்டியிலும் இருக்கிறோம். எங்களுக்குள் போனில் பேசிக்கொள்வதே பாதி நேரம் இந்தக் கட்டுகளைப் பற்றித்தான். எந்த அலமாரியில் எந்த பிர்க்கா இருந்தது, எந்த வருஷத்துக் கட்டைக் கரையான் தின்றது என்று இன்னும் சொல்ல முடியும். உங்கள் ஆட்களில் இளவயதுப் பிள்ளைகள் இரண்டு பேரை எங்களோடு விடுங்கள். நாங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் கணினியில் ஏற்றட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கீழ்த் தட்டுக் கட்டுகளையாவது மேலே தூக்கி வைத்துவிட வேண்டும். நாங்கள் வரத் தயார். பயணப்படி கேட்க மாட்டோம். அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
பதிவறையிலிருந்து ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
பாளையங்கோட்டை.